தெருவிளக்கும் ப்ளீடர் பரீட்சையும் – ஸர் டி. முத்துஸ்வாமி ஐயர்

ஸர் டி. முத்துஸ்வாமி ஐயர் என்றதும் நம் அங்கத்தினர்கள் பெரும்பாலோருக்கு நினைவு வருவது தெருவிளக்குதான். விளக்கடியில் படித்து ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனவர் என்று மாதுங்காவிலும் செம்பூரிலும் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லாத தாத்தா இல்லை. எனக்கு அந்தக் கதையில் ஒரு குறை உண்டு. விளக்கடியில் படித்த பையன்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். இவருக்கு மட்டும் கதவு திறந்தது எப்படி என்பதை யாரும் சொல்வதில்லை. நான் ஸயன்ஸ் படித்தவன், சட்டம் படித்தவனல்ல. சர்க்கார் உத்தியோகத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டிய பழக்கத்தில் எழுதுகிறேன்.

1832-ல் தஞ்சை ஜில்லா உச்சுவாடி கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளம். அங்கே தாசில்தாராக இருந்த முத்துசாமி நாயக்கர் பையனின் புத்தியைக் கண்டு படிக்க வைத்தார். நாகப்பட்டினம் மிஷன் பள்ளி, பிறகு சென்னை. பவல் என்ற துரை ஆசிரியராக வாய்த்தார். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபாய் பரிசு. 1856-ல் ப்ளீடர் பரீட்சையில் தேறினார். அந்த வருஷமே தரங்கம்பாடியில் முன்சீப்.

இந்தப் பரீட்சைதான் முக்கியம். அன்று சென்னையில் இரண்டு வகை நீதிமன்றங்கள். 1801-ல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டில் பாரிஸ்டர்களும் அட்டர்னிகளும் மட்டுமே நுழையலாம். பாரிஸ்டர் ஆக லண்டன் போக வேண்டும். பணமும் வேண்டும், கடல் தாண்டும் துணிச்சலும் வேண்டும். கம்பெனியாரின் ஸதர் அதாலத்தும் அதன் கீழ்க் கோர்ட்டுகளும் வேறு. அங்கே வக்கீல்கள் உண்டு. 1846-ஆம் வருஷத்துச் சட்டம், எந்த ஜாதி, மதம், தேசத்தவரானாலும் தகுதிச் சான்று பெற்றால் ப்ளீடர் ஆகலாம் என்றது. ஃபீஸைக் கட்சிக்காரரோடு பேசி முடிவு செய்துகொள்ளவும் அனுமதித்தது. ஆனால் அதே சட்டம் பாரிஸ்டர்களையும் ஸதர் கோர்ட்டுகளுக்குள் விட்டது. வக்கீல்களோ சுப்ரீம் கோர்ட்டுக்குள் போக முடியாது. கெமிஸ்ட்ரி லாபில் நாங்கள் ஒரு சவ்வைக் காட்டிப் படித்தோம். ஒரு பொருளைக் கசியவிடும், மற்றதைத் தடுக்கும். அதே ஏற்பாடு!

1862-ல் இரண்டு கோர்ட்டுகளும் இணைந்து ஹைகோர்ட் ஆயின. சவ்வு கிழியத் தொடங்கியது சென்னையில்தான். ஹைகோர்ட்டின் ஒரிஜினல் பக்கத்திலும் வக்கீல்கள் வாதாட 1866-ல் விதி செய்தார்கள். அட்டர்னிகளுக்கு ஆத்திரம். 1876-ல் மனுப் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பம்பாயில் இப்படி நடக்கவில்லை. 1972 வாக்கில் என் சித்தப்பா ஓர் உயில் வழக்கில் ஹைகோர்ட் போனபோது, ஸொலிஸிடருக்கு ஒரு பில், அவர் அமர்த்திய அட்வகேட்டுக்குத் தனி ஃபீஸ். ஸொலிஸிடர் இல்லாமல் அட்வகேட்டிடம் நேரே போகக் கூடாது. சென்னையில் இருந்த அத்தைக்கு இது புரியவே இல்லை. ஒரு வக்கீலுக்கு எதற்கு இன்னொரு வக்கீல் என்று கடிதம் எழுதினாள். பம்பாயில் இந்தக் கட்டாயம் 1977-ல்தான் நீங்கியது.

முத்துஸ்வாமி ஐயரிடம் திரும்புவோம். டெபுடி கலெக்டர், 1865-ல் மங்களூரில் ஸப் ஜட்ஜ், 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். வேலை பார்த்துக்கொண்டே 1871-ல் பி.எல். தேறினார். பின் ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 1861-ன் ஹைகோர்ட் சட்டப்படி ஜட்ஜ் ஆக நான்கு வழிகள்: பாரிஸ்டர், ஸிவில் ஸர்வீஸ், ஐந்து வருஷம் ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ் அல்லது அதற்குச் சமமான பதவி, பத்து வருஷ வக்கீல். மூன்றில் ஒரு பங்கு பாரிஸ்டர்களுக்கும் இன்னொரு பங்கு ஸிவில் ஸர்வீஸுக்கும் ஒதுக்கம். மிச்சத்தில்தான் மற்றவர்கள். அந்த மூன்றாவது வழியில் ஏறி வந்தவர் இவர்.

கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே ஜட்ஜ் ஆகிவிட்டார். ஆனால் முத்துஸ்வாமி ஐயர் 1877-ல் தாற்காலிகமாகவும் அடுத்த வருஷம் நிரந்தரமாகவும் சென்னை ஹைகோர்ட்டில் அமர்ந்தபோது, வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் தாங்க முடியாமல் கூச்சலிட்டன. பதில் சொல்ல நம்மவரிடம் ஒரு பத்திரிகை இல்லை. ஜி. சுப்ரமண்ய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலிய ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி 1878 செப்டம்பரில் 80 பிரதிகள் அச்சடித்தார்கள். ‘தி ஹிந்து’ பிறந்தது இப்படித்தான். காலையில் காபியோடு அதைப் பிரிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பதினேழு வருஷத்துக்கு மேல் ஜட்ஜாக இருந்தார். 1891-ல் மலபார் திருமணக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1893-ல் கே.ஸி.ஐ.இ. பட்டம், அதே வருஷம் சில மாதங்கள் தாற்காலிகப் பிரதம நீதிபதி. அதற்கு மேல் போக வழியில்லை. பிரதம நீதிபதி பாரிஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். இவர் தீர்ப்புகளை மதித்த துரைமார்களும் அந்தப் பூட்டைத் தொடவில்லை. 1895 ஜனவரியில் காலமானார்.

உள்ளே போன வக்கீல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பரீட்சை மட்டும் போதும் என்ற நிலை மெல்ல மாறி, காலேஜ் படிப்பும் பி.எல்.லும் அவசியமாயின. ஒரு ரூபாய் சம்பளக்காரப் பையன் ஐம்பது வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பது எனக்குச் சந்தேகம்தான். ஸ்திரீகளுக்கோ 1923-ல் தனிச் சட்டம் வந்த பிறகே வழி பிறந்தது.

பிரதம நீதிபதி பதவிக்கான பாரிஸ்டர் நிபந்தனை 1935-ன் சட்டத்தால் போயிற்று. வக்கீல், ப்ளீடர், பாரிஸ்டர் பேதங்களை 1961-ன் அட்வகேட் சட்டம் ஒன்றாக்கியது. இடையில், 1948-ல், பி.வி. ராஜமன்னார் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்தியப் பிரதம நீதிபதியானார். முத்துஸ்வாமி ஐயர் அந்த நாற்காலியில் சில மாதங்கள் அமர்ந்து எழுந்து 55 வருஷம் ஆகியிருந்தது.