மூலிகைகளைச் சோதித்துப் பார்த்த ராம்நாத் சோப்ரா

காரைக்குடிக்கு அருகே உள்ள ஊர் கோவிலூர். சிவன் கோயிலும் வேதாந்த மடமும் அமைந்த ஊர். அந்தப் பக்கத்து ஊர்களில் பொன்னரளியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மஞ்சள் அரளி என்றும் அதைச் சொல்வார்கள். அதன் பூவைப் பறித்துச் சாமிக்குச் சாத்துவார்கள்.

பூ சாமிக்கு ஆகும். காயோ கொடிய விஷம்! இது நம் பாட்டிமார்களுக்கே தெரியும்.

அந்த விஷம் உடம்பில் எதைத் தாக்குகிறது? இதயத்தைத்தான். அது இதயத்தை என்ன செய்கிறது என்று சோதனைச் சாலையில் ஆராய்ந்து பார்த்தார், கல்கத்தாவில் இருந்த ஒரு டாக்டர். அவர் பெயர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படுகிறவர் அவர்.

சீமைப் படிப்பு

1882-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, பஞ்சாபில் உள்ள குஜ்ரன்வாலாவில் சோப்ரா பிறந்தார். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது.

லாகூரில் படித்தார். பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே வால்ட்டர் டிக்சன் என்ற ஆசிரியர் இருந்தார். மருந்து உடம்புக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதை ஆராய்வதில் அவர் வல்லவர். சோப்ராவின் மனம் அந்தக் கலையில் ஈடுபட்டது.

1908-ல் இந்திய மருத்துவப் படைப் பணியில் சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார்.

1921-ல் கல்கத்தாவில் வெப்ப மண்டல நோய்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே மருந்தியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அவருடைய பெரிய வேலை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

இரண்டு கட்சிகள்

அந்தக் காலத்தில் நாட்டு மருந்தைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. முன்னோர் சொன்னது எல்லாம் உண்மை என்றது ஒரு கட்சி. மூலிகை எல்லாம் வெறும் தழை என்றது இன்னொரு கட்சி.

சோப்ரா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்பதே அவர் வழி.

மருந்துகள் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. விலை அதிகம். ஏழைகள் எப்படி வாங்குவார்கள்? நம் நாட்டுச் செடிகளில் உண்மையான மருந்து இருந்தால், அதை இங்கேயே மலிவாகச் செய்து கொடுக்கலாம் அல்லவா? இதுவே அவருடைய எண்ணம்.

இதற்கு இங்கிலாந்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. அங்கே ஒரு காட்டுச் செடியின் இலையை நீர்க்கோவைக்குக் கஷாயமாகக் கொடுத்து வந்தார்கள். வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அதைப் பல ஆண்டுகள் நோயாளிகளிடம் பரிசோதித்தார். 1785-ல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். டிஜிடாலிஸ் என்ற இதய மருந்து அந்த இலையிலிருந்து வந்ததுதான்.

எப்படிச் சோதித்தார்கள்?

முதலில் வேரையோ பட்டையையோ அரைத்து, அதன் சத்தைத் தனியே பிரிப்பார்கள். அடுத்தபடியாக அதைப் பிராணிகளிடம் சோதிப்பார்கள். தவளையின் இதயத்தை எடுத்து உப்புக் கரைசலில் வைத்தால், அது சிறிது நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். அதில் மருந்தைச் செலுத்தினால் துடிப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும்.

பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து, ரத்த அழுத்தத்தை அளப்பதும் உண்டு. புகை படிந்த காகிதத்தைச் சுற்றிய உருளை ஒன்று சுழலும். அதன்மேல் ஒரு முள், அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக எழுதிக் காட்டும்.

பிராணிகளிடம் பார்த்த பிறகே மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

அரளியும் மருதமும்

சோப்ராவின் குழுவினர் 1933-ல் பொன்னரளிச் சத்தின் குணத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அது டிஜிடாலிஸ் போலவே இதயத்தில் வேலை செய்தது. ஆனால் இந்த இன மருந்துகளில் ஓர் ஆபத்து உண்டு. நன்மை செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகையால் அரளிக் காயை எவரும் கைவைத்தியமாகத் தொடவே கூடாது. குழந்தை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்பது பழைய வைத்திய நூல்களின் கூற்று. சோப்ரா அதையும் சோதித்தார். இதயம் பலவீனப்பட்ட நோயாளிகளுக்கு அதன் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். டிஜிடாலிஸ் தரும் பலன் அதில் தென்படவில்லை. தென்படவில்லை என்றே எழுதினார்! நாட்டு மருந்தின்மேல் அவருக்கு அன்பு உண்டு. அந்த அன்புக்காக அவர் முடிவை மாற்றி எழுதவில்லை.

சர்ப்பகந்தியின் வெற்றி

பீகாரில் ஒரு வேரைப் பைத்திய மருந்து என்று சொல்லி விற்று வந்தார்கள். அதுதான் சர்ப்பகந்தி. சோப்ராவின் குழுவினர் அதன் சத்தைப் பிராணிகளுக்குச் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது! 1933-ல் அதையும் வெளியிட்டார்கள்.

1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல், ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அந்த வேர் பலன் தருவதைப் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் ரிசர்பின் என்ற சத்தை அதிலிருந்து பிரித்தார்கள். பீகார்க் கடையில் கிடந்த வேர் உலகம் முழுவதும் மாத்திரையாயிற்று.

போலி மருந்துக்கு வேட்டு

1930-ல் சர்க்கார் ஒரு மருந்து விசாரணைக் கமிட்டியை அமைத்தது. அதற்குத் தலைவர் சோப்ரா. போலி மருந்துகளும் வீரியம் குறைந்த மருந்துகளும் கடைகளில் நடமாடுவதைக் கமிட்டி எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது.

1933-ல் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். 1941-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் கல்கத்தாப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் வேலை ஓயவில்லை. காஷ்மீர் சமஸ்தானத்துக்குச் சென்று, மருந்து ஆராய்ச்சிச் சாலையை வளர்த்தார். ஜம்முவில் அது இன்றும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாக நடந்து வருகிறது.

1973-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, 90-வது வயதில் சோப்ரா காலமானார்.

எலிகளும் மாரடைப்பும்

அவர் போட்ட பாதையில் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தாவரச் சத்துகளைக் கொண்டு இத்தகைய சோதனைகள் நடந்திருக்கின்றன.

எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் சில நாள் தாவரச் சத்தைக் கொடுப்பார்கள். பிறகு இரண்டு கூட்டத்துக்கும், இதயத் தசையைக் கெடுக்கும் ஊசி மருந்தைப் போடுவார்கள். மாரடைப்பில் உண்டாவதைப் போன்ற சேதம் உண்டாகும். தசை கெட்டால், அதற்குள் இருக்கும் சில பொருள்கள் ரத்தத்தில் கசியும். எந்தக் கூட்டத்தில் கசிவு குறைவு என்று அளந்து பார்ப்பார்கள்.

சோப்ரா கைவிரித்த மருதம்பட்டையும் இந்தச் சோதனைக்கு வந்தது. எலிகளின் இதயத்தை அது ஓரளவு காத்தது. அப்படியானால் சோப்ரா சொன்னது தவறா? இல்லை. அவர் பார்த்தது பலவீனப்பட்ட இதயத்துக்குப் பலம் வருகிறதா என்பதை. இவர்கள் பார்த்தது வரப்போகும் சேதத்தைத் தடுக்கிறதா என்பதை. கேள்வி வேறு, விடையும் வேறு.

எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. மருதம்பட்டை மனிதரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று பெரிய ஆராய்ச்சி எதுவும் இன்னும் உறுதி செய்யவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டைக் கஷாயத்தை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூலிகையைப் பழிக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கவும் வேண்டாம். சோதித்து அறிந்த பிறகே நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். சோப்ரா வாழ்நாள் முழுவதும் பாடுபட்டது இதற்காகவே.