பனியில் படை பயிற்றிய ஆசான்

குடியரசு தின அணிவகுப்புக்காக விளையாட்டுத் திடலில் நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? இடக்காலை வைக்கச் சொன்னால் வலக்காலை வைப்பது, முன்னே செல்பவளின் குதிகாலை மிதிப்பது, வரிசை பாம்பு போல் நெளிவது, பிறகு எல்லாம் முதலிலிருந்து! ஒரு மணி நேர டிரில் முடிவதற்குள் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எத்தனை முறை முணுமுணுத்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். வயிற்றுக்குச் சோறும் காலுக்குச் செருப்பும் இன்றி, பனிக்காலத்தில் இதே பாடத்தைக் கற்ற ஆயிரக்கணக்கான வீரர்களைப் பற்றிப் படித்த பின்பு எங்கள் முணுமுணுப்பு சற்றே அடங்கியது. அவர்களுக்கு அப்பாடத்தைக் கற்பித்தவர் பிரடெரிக் வில்ஹெல்ம் வான் ஸ்டூபன் என்னும் ஜெர்மானியர்.

அவர் 1730-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் பிரஷ்ய நாட்டு மாக்டபர்க் நகரில் பிறந்தார். தந்தை இராணுவப் பொறியாளர். ஆகவே மகனும் இளமையிலேயே படையில் சேர்ந்ததில் வியப்பில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே கட்டுப்பாட்டில் தலைசிறந்தது பிரஷ்யப் படைதான். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் ஸ்டூபன் போரிட்டார்; காயமும் அடைந்தார். மாமன்னர் பிரடெரிக்கின் அருகிலிருந்து பணியாற்றும் பேறும் அவருக்குக் கிட்டியது. ஆனால் போர் முடிந்ததும் வேலை போயிற்று. பின்னர் ஹெகிங்கன் என்னும் சிறிய அரசில் அரண்மனை அதிகாரியாகப் பல ஆண்டுகள் காலம் தள்ளினார். அந்தச் சிற்றரசரும் கடனாளி, ஸ்டூபனும் கடனாளி!

1777-இல் அவர் வேலை தேடிப் பாரிஸ் நகருக்கு வந்தார். ஆங்கிலேயரின் ஆட்சியை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், ஸ்டூபனுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அக்கடிதத்தில் ஸ்டூபன் பிரஷ்யப் படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று காணப்பட்டது. உண்மையில் அவர் வெறும் காப்டன்! ஸ்டூபனும் அதை மறுக்கவில்லை. இதைப் படித்ததும் எங்கள் வகுப்பில் பெரிய வாதமே எழுந்தது. பொய்ப் பட்டத்தோடு ஒரு நாட்டுக்குள் நுழைந்தவரை ஆண்டு மலரில் எப்படிப் புகழ்வது என்று பாதிப்பேர் கேட்டோம். முதலில் பதவியும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், போரில் வென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முன்வந்ததை மறுபாதி எடுத்துக்காட்டினோம். அந்த வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஸ்டூபன் கடல் கடந்து 1777 டிசம்பரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவருடன் பதினேழு வயதுச் செயலாளர் டூபான்சோவும், அசோர் என்ற வேட்டை நாயும் சென்றனர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் வேலி போர்ஜ் என்னும் இடத்தில் பாசறை அமைத்திருந்த தளபதி ஜார்ஜ் வாஷிங்டனை அவர் சந்தித்தார்.

அந்தோ, அந்தப் பாசறையின் நிலைமை! பிலடெல்பியா நகரை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதால், ஏறத்தாழ 12,000 அமெரிக்க வீரர்கள் டிசம்பர் 19 அன்று அங்கு வந்து சேர்ந்திருந்தனர். தாங்களே மரம் வெட்டி, 14 அடிக்கு 16 அடி அளவில் குடில்கள் கட்டினர். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர். பல நாட்கள் மாவையும் தண்ணீரையும் பிசைந்து நெருப்பில் சுட்ட அடைதான் உணவு. கிழிந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு காவல் நின்றவர்கள் பலர். துணி துவைக்கவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் சில நூறு பெண்களும் அங்கே அதே குளிரில் உழைத்தனர் என்பதைப் பெண்களாகிய நாம் மறக்கலாகாது. அந்த இடத்தில் போர் எதுவும் நடக்கவில்லை. ஆயினும் ஆறே மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேர் டைபஸ், டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்களால் மாண்டனர். பலர் படையை விட்டு ஓடிப்போயினர். இன்னும் சில மாதங்கள் இப்படியே சென்றிருந்தால் ஆங்கிலேயர் சுட வேண்டிய தேவையே இருந்திராது.

பாசறையைச் சுற்றிப் பார்த்த ஸ்டூபன் திகைத்துப் போனார். துப்பாக்கிகள் துருப்பிடித்திருந்தன. துப்பாக்கி முனையில் பொருத்தும் பயனட் கத்திகளை வீரர்கள் இறைச்சி வாட்டும் கம்பியாகப் பயன்படுத்தினர்! ஒரு ரெஜிமெண்டில் முப்பதே பேர். ஒரு கம்பெனியில் ஒரே ஒரு கார்ப்பொரல். ஒரு பிரிவு ஆங்கிலேய முறையில் பயிற்சி செய்தது, இன்னொன்று பிரெஞ்சு முறையில், வேறொன்று பிரஷ்ய முறையில். போருக்குச் செல்லும்போதும் ஒருவர் பின் ஒருவராகக் காட்டுப்பாதையில் போவதுபோல் நீண்ட வரிசையில் நடந்தனர். முன்னே சென்றவர்கள் பகைவனிடம் அடி வாங்கி முடிந்த பிறகே பின்னால் வந்தவர்கள் களத்தை எட்டுவார்கள்.

இனி அவர் நடத்திய பயிற்சியைக் காண்போம். மார்ச் 19-ஆம் நாள் அது தொடங்கிற்று. படை முழுவதையும் ஒரே சமயத்தில் பயிற்ற இயலாது என்பதால், சுமார் நூறு பேரைப் பொறுக்கி எடுத்து ஒரு மாதிரிக் கம்பெனி அமைத்தார். முதல் பாடம் துப்பாக்கி அல்ல, நிற்பது! கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பது. அடுத்து நடப்பது. பிறகுதான் துப்பாக்கியில் மருந்திட்டுக் கெட்டிப்பது, சுடுவது, இறுதியாகப் பயனட். கெட்டிக்கும் முறையில் இருந்த வேண்டாத அசைவுகளை நீக்கிச் சுருக்கினார். ஆங்கிலேயப் படை அதிகாரிகள் டிரில் கற்பிப்பது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று எண்ணி அதைச் சார்ஜெண்டுகளிடம் விட்டுவிடுவார்கள். ஸ்டூபனோ தம் கையிலேயே துப்பாக்கியை எடுத்து, சாதாரண வீரனுக்குச் செய்து காட்டினார். பட்டுக்கோட்டும் பதக்கமும் அணிந்த ஒருவர் கந்தல் உடுத்தவனின் விரல்களைப் பிடித்துத் திருத்துவதை அந்தப் படை அதற்கு முன் கண்டதில்லை.

இத்தனைக்கும் அவருக்கு ஆங்கிலமே தெரியாது. அன்றன்றைய பாடத்தைப் பிரெஞ்சு மொழியில் எழுதுவார். டூபான்சோ அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பார். வாஷிங்டனின் உதவியாளர்களான ஹாமில்டனும் லாரன்சும் அதைத் திருத்துவார்கள். அச்சகம் இல்லாததால் ஒவ்வொரு பிரிவும் கையாலேயே படியெடுத்துக்கொண்டது. கட்டளைச் சொற்களை ஸ்டூபன் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். அவை குழம்பிப் போய், வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிட்டால் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் வசைமாரி பொழிவார். அதுவும் தீர்ந்துவிட்டால், காப்டன் வாக்கரை அழைத்து ஆங்கிலத்தில் தமக்காகத் திட்டச் சொல்வாராம்! வீரர்கள் சிரித்துவிடுவார்கள், மறுமுறை சரியாகச் செய்வார்கள். (கீழ்வகுப்புத் தங்கையர் இந்தப் பகுதியை மட்டும் பின்பற்ற வேண்டாம்.)

பிரஷ்யாவில் வீரனுக்குக் கட்டளை இட்டால் போதும், தவறினால் பிரம்படி. இங்கு நின்றவர்களோ உழவர், தச்சர், கொல்லர், செருப்புத் தைப்பவர். தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் பலர். அவர்களுள் கறுப்பின வீரர்களும் இருந்தனர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டார்கள். இவர்களிடம் முதலில் காரணத்தைக் கூறிவிட்டுத்தான் கட்டளையிட வேண்டியிருக்கிறது என்று ஐரோப்பாவிலிருந்த நண்பருக்கு அவர் எழுதினார். நாற்பத்தேழு வயதில், புகழ்பெற்ற தம் பழைய முறையை விட்டுக்கொடுத்து அவர் இதைக் கற்றுக்கொண்டார். எங்களை மிகவும் கவர்ந்தது இதுதான். அணிவகுப்பில் ஏன் எல்லாரும் இடக்காலை முதலில் வைக்க வேண்டும் என்று நாங்களும் ஒருநாள் கேட்கத்தான் நினைத்தோம், துணிவு வரவில்லை.

பயிற்சி பெற்ற நூறு பேரும் தத்தம் பிரிவுக்குத் திரும்பிச் சென்று மற்றவர்களுக்குக் கற்பித்தனர். சில வாரங்களிலேயே படை முழுதும் ஒரே சொல்லுக்கு ஒரே விதமாக நடந்தது. டிரில் மட்டுமா? சமையலிடம் ஒரு பக்கமும், கழிப்பிடம் எதிர்ப்பக்கச் சரிவிலும் இருக்க வேண்டும் என்று விதித்தார். அதுவரை செத்த குதிரைகள் குடில்களுக்கு அருகிலேயே அழுகிக் கிடந்தனவாம். இளம் அதிகாரிகளுக்கு அவர் அளித்த விருந்து ஒன்றும் சுவையானது. முழுக் கால்சட்டை அணிந்தவர்களுக்கு அங்கு அனுமதி இல்லை; கிழிந்திருந்தால்தான் உள்ளே வரலாம்! கிடைத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காட்டுக்கொட்டைகளைக் கொண்டு அவ்விருந்து நடந்தது.

மே மாதம் 5-ஆம் நாள் ஸ்டூபன் படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். மறுநாள், பிரான்சு அமெரிக்காவுடன் கூட்டுச் சேர்ந்ததைக் கொண்டாடும் விழாவில் படை முழுதும் அணிவகுத்தது. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி வெடித்தன. ஜூன் 28-இல் மான்மவுத் என்னுமிடத்தில் உண்மையான தேர்வு வந்தது. கடும் வெயிலில், முன்னணிப் படை பின்வாங்கி ஓடிவந்த வேளையிலும் வீரர்கள் மீண்டும் வரிசை அமைத்து நின்றனர். ஆங்கிலேயர் அன்றிரவே களத்தை விட்டு அகன்றனர். அடுத்த ஆண்டு ஸ்டோனி பாயிண்ட் கோட்டையை நள்ளிரவில் பெரும்பாலும் பயனட்டைக் கொண்டே பிடித்தார்கள். ஒரு காலத்தில் இறைச்சி வாட்டிய அதே கத்தி!

தம் பாடங்களை ஸ்டூபன் 1779-இல் நூலாக வெளியிட்டார். நீல அட்டை போட்டிருந்ததால் அது நீலப் புத்தகம் என்றே பெயர் பெற்றது. அதில் டிரில் விதிகளோடு வேறொன்றும் உண்டு. புதியவர்களுக்குக் கற்பிக்க மிகுந்த பொறுமை வேண்டும், அது எல்லா அதிகாரிகளிடமும் இராது, ஆகவே ஆளைத் தேர்ந்தெடுத்து அப்பணியை ஒப்படைக்க வேண்டும் என்கிறார். கம்பெனித் தலைவன் தன் வீரர் ஒவ்வொருவரின் பெயரையும் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும், நோயுற்றவனைச் சென்று பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் அமெரிக்கப் படைக்கு அதுவே பாடநூலாக இருந்தது.

1783-இல் போர் முடிந்தது. வாஷிங்டன் தளபதிப் பதவியைத் துறந்த டிசம்பர் 23-ஆம் நாள், அப்பதவியிலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் ஸ்டூபனுக்கு நன்றி கூறி எழுதியதே. பணத்தைப் பொறுத்தவரை ஸ்டூபன் மாறவே இல்லை. கை தாராளம், மீண்டும் கடன். நியூயார்க் மாநிலம் 16,000 ஏக்கர் நிலம் வழங்கியது. 1790 முதல் ஆண்டுக்கு 2,500 டாலர் உதவித்தொகையும் கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர், அந்த நிலத்தில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு சிறு வீட்டில் கோடைகாலங்களைக் கழித்தார். 1794 நவம்பர் 28-ஆம் நாள் அங்கேயே காலமானார். வேலி போர்ஜ் குடில்களைப் போலவே அந்த வீடும் வெட்டிய மரங்களை அடுக்கிக் கட்டியதுதான்.