இளைஞரை நம்பிய போதகர்

ஒரு சமுதாயம் தன் இளைஞரை எவ்வளவு மதிக்கின்றது என்பதை, அது அவர்களுக்கு வழங்கும் புகழுரைகளைக் கொண்டு அளவிடுதல் இயலாது. அவர்கள் கையில் எந்தப் பொறுப்பை ஒப்படைக்கின்றது என்பதைக் கொண்டே அளவிடல் வேண்டும். போதகர் டி. ரி. நைல்ஸ் அவர்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வுண்மை என் உள்ளத்தில் வலுப்பெறுகின்றது. நான் இறக்காமத்தில் வாழும் முஸ்லிம் ஆசிரியன். கிறிஸ்தவ போதகர் ஒருவரைப் பற்றி நான் எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குரிய காரணத்தை இறுதியிற் கூறுவேன்.

டானியல் தம்பிராஜா நைல்ஸ் 1908ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிற் பிறந்தார். அமெரிக்க மிஷனரிமார் வட இலங்கையில் வளர்த்த கிறிஸ்தவ மரபு, அவர் குடும்பத்திலே தலைமுறை தலைமுறையாக நிலவி வந்தது. பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியிற் பயின்று, மெதடிஸ்த திருச்சபையின் போதகரானார்.

எனினும், அவரைத் தலைவராக்கிய பள்ளி வேறொன்று உண்டு. அதுவே மாணவர் கிறிஸ்தவ இயக்கம். அங்கே மாணவர் வெறுங் கேட்போராய் அமர்ந்திருப்பதில்லை. கூட்டங்களை அவர்களே நடத்துவர். சபைப் பிரிவுகளின் வேலிகளைக் கடந்து ஒன்றாயிருந்து வேதத்தை ஆராய்வர். தம் நாட்டின் துயரங்களுக்கும் தம் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை விவாதிப்பர். இளைஞனுக்கு விடையை ஊட்டுவதைவிட, வினாவை எதிர்கொள்ளப் பழக்குவதே பயிற்சி என்பது அவ்வியக்கத்தின் நெறி. நைல்ஸ் அந்நெறியில் வளர்ந்தார். பின்னர் பிறரையும் அந்நெறியில் வளர்த்தார்.

1938ஆம் ஆண்டு சென்னையை அடுத்த தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது அவருக்கு வயது முப்பது. வந்திருந்த பேராளருள் மிக இளையோரில் ஒருவராக அவர் விளங்கினார். அடுத்து ஜெனீவா சென்று வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் உலகப் பணியில் ஈடுபட்டார்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கிற்று. தொடக்க வழிபாட்டில் இருவர் உரையாற்றினர். ஒருவர், 1910ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய எண்பத்து மூன்று வயது முதியவர் ஜோன் மொட். மற்றவர், நாற்பது வயதுடைய நம் தெல்லிப்பழைத் தமிழர். இலங்கை விடுதலை பெற்று ஏழு மாதங்களும் நிறையாத காலம் அது. முதுமை இளமைக்கு இடம் விட்டதையும், மேலைநாடு கீழைநாட்டுக்குச் செவி சாய்த்ததையும் அவ்வொரு மேடையிற் காண்கின்றோம்.

அம்மன்றத்தின் இளைஞர் துறைக்கும் அவர் தலைமை ஏற்றார். 1952ஆம் ஆண்டின் இறுதியில், கிறிஸ்தவ இளைஞரின் மூன்றாம் உலக மாநாடு ஆசிய மண்ணிலே, கோட்டயத்தில் நடைபெற்றது. முதலிரண்டும் ஐரோப்பாவில் நிகழ்ந்தவை என்பதை நினைந்தால் இதன் சிறப்பு விளங்கும். 1957 முதல் 1968 வரை கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பொதுச் செயலாளராயிருந்தார். 1963இல் அவர் பதிப்பித்த பாடற்றொகுதி, ஆசியர் தம் சொந்தக் குரலிற் பாடலாம் என்னும் துணிவைத் தந்தது. இத்தனை உலகப் பணிகளுக்கிடையிலும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் அதிபராயிருந்து மாணவரோடு பழகினார்.

1968இல் உப்சாலா மாநாட்டிற் பேசவிருந்த மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். அவருக்குரிய இடத்தில் நைல்ஸே தொடக்க உரை நிகழ்த்தினார். இரண்டாண்டுகளின் பின், 1970 ஜூலை 17ஆம் நாள், வேலூரிற் காலமானார்.

இனி என் காரணத்தைக் கூறுகின்றேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைல்ஸ் ஆற்றிய சொற்பொழிவுகளில், இந்து, முஸ்லிம், பௌத்தர் ஆகியோரின் மறுப்புக்களைத் தம் முன்னே நிறுத்தி ஆராய்ந்தார். தன் கொள்கையில் உறுதியுடையவன் பிறர் வினாவுக்கு அஞ்சான் என்பதை அங்கே கண்டேன். அப்போது என் நினைவுக்கு வந்தவன் ஒரு மாணவன். நான் நடத்திய வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கட்டுரை படிக்க அவன் அனுமதி வேண்டினான். அதில் எங்களை நோக்கிய சில வினாக்கள் இருந்தன. வயது வரட்டும் என்று சொல்லி, நாற்காலிகளை ஒழுங்கு செய்யும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். வேலையைக் குறைவறச் செய்தான். மறு ஆண்டு அவன் வரவில்லை.

பள்ளிவாசலாயினும், தேவாலயமாயினும், கோயிலாயினும் நாற்காலி அடுக்க இளைஞரை அழைக்காத இடம் இல்லை. அந்நாற்காலிகளில் ஒன்றை அவர்களுக்கும் அளிப்பதே பயிற்சியின் முதற்பாடம். அதை நைல்ஸ் அவர்களின் வாழ்வு எனக்குக் கற்பித்தது. சற்றுக் காலந் தாழ்த்தியே கற்பித்தது.