பத்துத் தாட் வகுத்த பாத்கண்டே

பம்பாய் நகரின் வால்கேசுவரம் பகுதியில் 1860ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் விஷ்ணு நாராயண் பாத்கண்டே பிறந்தார். இளமையிலேயே புல்லாங்குழலும் சிதாரும் பயின்றார். எனினும், படித்த குடும்பத்துப் பிள்ளைகள் இசையைப் பிழைப்பாகக் கொள்வதை அக்காலச் சமூகம் விரும்பவில்லை. எனவே அவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1885இல் பட்டம் பெற்றார். 1887இல் சட்டப் படிப்பையும் முடித்தார். சிறிது காலம் கராச்சியிலும் பின்னர் பம்பாயிலும் வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

ஓய்வு நேரங்களை அவர் பம்பாயில் இயங்கிய காயன் உத்தேஜக் மண்டலி என்னும் இசைச் சங்கத்தில் கழித்தார். அங்கு வரும் பாடகர்களிடம் பாடல்களைக் கற்றபோது ஓர் ஐயம் அவரை வாட்டியது. ஒரே பெயருடைய இராகத்தை இருவர் இருவிதமாகப் பாடினர். எது சரி என்று வினவினால், தம் குருவிடம் அவ்வாறே கற்றதாக இருவரும் கூறினர். பழைய வடமொழி நூல்களைப் புரட்டினால், அவற்றில் கூறப்பட்ட இலக்கணம் எவர் பாடுவதோடும் பொருந்தவில்லை. மேலும், அரிய பாடல்கள் பல சில குடும்பங்களுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. முதியவர் ஒருவர் மறைந்தால் அவரோடு நூறு பாடல்கள் மறைந்தன. சான்று கேட்டுப் பழகிய வழக்கறிஞரின் உள்ளம் இதனை ஏற்க மறுத்தது.

1900இல் அவருடைய மனைவி காலமானார். 1903இல் மகளும் இறந்துவிட்டாள். அதன்பின் அவர் நீதிமன்றத்தை விட்டு விலகி, எஞ்சிய வாழ்நாளை இசைக்கே அளித்தார்.

முதலில் அவர் நாடியது தென்னகத்தையே. 1904இல் சென்னை, தஞ்சாவூர், மதுரை, இராமேசுவரம் ஆகிய ஊர்களுக்குச் சென்றார், எட்டயபுரத்தையும் அடைந்தார். பாரதியார் பிறந்த அவ்வூரில் அப்போது சுப்பராம தீட்சிதர் வாழ்ந்து வந்தார். அவர் முத்துசாமி தீட்சிதரின் குடும்ப வழியில் வந்தவர். சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை அவ்வாண்டிலேயே வெளியிட்டவர். தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டிப் பிரகாசிகையின் அருமையை இப்பயணம் பாத்கண்டேக்கு உணர்த்தியது.

வேங்கடமகியின் முறை கணக்கைப் போன்று தெளிவானது. சட்சமமும் பஞ்சமமும் மாறாதவை. ரிஷப காந்தாரங்கள் ஆறு வகையாகச் சேரும்; தைவத நிஷாதங்களும் ஆறு வகையாகச் சேரும்; மத்திமமோ இரண்டு. ஆறையும் ஆறையும் இரண்டையும் பெருக்கினால் 72 மேளங்கள் கிடைக்கின்றன. எந்த இராகத்திற்கும் இவற்றுள் ஓர் இடம் உண்டு.

பாத்கண்டே இம்முறையை அப்படியே வடக்கே கொண்டு செல்லவில்லை. வட இந்தியாவில் உண்மையில் பாடப்படும் இராகங்களை முதலில் திரட்டினார். பின்னர் அவற்றுக்குப் போதுமான சட்டகங்களை மட்டும் தேர்ந்தார். அவை பத்து: பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காஃபி, ஆசாவரி, பைரவி, தோடி. இச்சட்டகங்களே தாட் எனப்படுகின்றன.

இவற்றுள் ஆறினை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளிலேயே கேட்கலாம். ஒரு கட்டையைச் சட்சமமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் பிலாவல் பிறக்கும். அதுவே கருநாடக இசையின் சங்கராபரணம். கட்டைகளை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினால், இரண்டாம் வெள்ளைக் கட்டையில் காஃபி, அதாவது கரகரப்பிரியா தோன்றும். மூன்றில் பைரவி, நான்கில் கல்யாண், ஐந்தில் கமாஜ், ஆறில் ஆசாவரி. ஏழாவதில் பஞ்சமம் தனக்குரிய இடத்தில் அமையாததால் மேளம் பிறப்பதில்லை. ஆதார சுருதி எங்கே நிற்கிறது என்பதே ஒலிக்கும் சுரங்களுக்குப் பொருள் தருகிறது. சிலப்பதிகாரக் காலத் தமிழர் இவ்வாறே ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலையைப் பிறப்பித்தனர்.

பெயர்கள் மட்டும் சிலவேளை ஏமாற்றும். வடக்கின் பைரவி தாட் தெற்கின் தோடிக்கு உரிய சுரங்களைக் கொண்டது. வடக்கின் தோடியோ தெற்கில் சுபபந்துவராளி. தில்லியில் இந்துஸ்தானியும் வீட்டில் கருநாடக இசையும் கற்கும் பிள்ளை இங்கே சற்று நின்றுதான் செல்ல வேண்டும்.

பத்துத் தாட் எல்லாவற்றையும் அடக்கிவிடவில்லை. ஆகிர் பைரவ் அவற்றுள் எதிலும் பொருந்தாது. பூபாளியும் தேஷ்காரும் ஒரே ஐந்து சுரங்களால் ஆனவை. ஆயினும் ஒன்று கல்யாணிலும் மற்றொன்று பிலாவலிலும் வைக்கப்பட்டன. இராகம் என்பது சுர வரிசை மட்டுமன்று என்பதை அவர் நன்கறிந்தே இவ்வாறு பிரித்தார். இசைக் கலைஞர் சிலர் இம்முறையைக் குறை கூறினர், இன்றும் கூறுகின்றனர். அவரும் உஸ்தாதுகளின் இலக்கண அறிவைக் கடுமையாகவே மதிப்பிட்டார். எனினும் அவருடைய நூல்களை நிரப்பிய பாடல்கள் அவர்கள் தந்தவையே. ஜெய்ப்பூரிலும் ராம்பூரிலும் அவர் பொறுமையுடன் காத்திருந்து பாடம் கேட்டார். ராம்பூரில் வசீர் கானுக்கு மாணவராகவும் ஆனார்.

கேட்டவற்றை எழுத அவர் எளிய குறியீடு ஒன்றை அமைத்தார். கோமள சுரத்திற்கு எழுத்தின் அடியில் கோடு. தீவிர மத்திமத்திற்கு மேலே நிமிர்ந்த கோடு. தாழ்ந்த நிலைக்குக் கீழேயும் உயர்ந்த நிலைக்கு மேலேயும் புள்ளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இவ்வாறு கிரமிக் புஸ்தக் மாலிகா என்னும் ஆறு தொகுதிகளில் இடம்பெற்றன. இலக்கணத்தை மராத்தியில் நான்கு பகுதிகளாக எழுதினார். அந்நூலில் தம் பெயரை இடாமல் புனைபெயரையே இட்டார்.

1916இல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாட்டைக் கூட்டினார். 1918இல் குவாலியரிலும் 1926இல் லக்னோவிலும் இசைக் கல்லூரிகள் தோன்றக் காரணமானார். லக்னோ கல்லூரி இன்று அவர் பெயரில் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இறுதி ஆண்டுகளில் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். 1936 செப்டம்பர் 19ஆம் நாள் அவர் காலமானார். பாடல் தொகுதிகளுள் ஐந்தாவதும் ஆறாவதும் மறு ஆண்டில் அச்சேறின.