தரையைப் பெயர்த்து அடுப்பெரித்த கலைஞர்!

பிரான்சு நாட்டில் சேந்த் என்று ஓர் ஊர். அங்கே பெர்னார் பலிசி என்பவர் வாழ்ந்தார். கண்ணாடியில் ஓவியம் தீட்டுவது அவர் தொழில். நிலம் அளக்கவும் போவார்.

1540-ஆம் ஆண்டையொட்டி, மெருகிட்ட மண் கோப்பை ஒன்றை அவர் பார்த்தார். அதன் அழகு அவரை மயக்கிவிட்டது. அந்த மெருகின் ரகசியத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று உறுதி பூண்டார். குயவுத் தொழிலோ அவருக்குத் தெரியாது!

மருந்துகளை அரைத்தார், ஓட்டுத் துண்டுகளில் பூசினார், சூளையில் வைத்தார். மெருகு உருகவில்லை. ஆண்டுகள் ஓடின. கடன் ஏறியது. வீட்டில் வறுமை தாண்டவமாடியது. வேலையாளுக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை. தம் உடைகளையே கொடுத்தார்.

ஒருமுறை ஆறு நாள் இரவு பகலாகச் சூளை எரிந்தது. பயன் இல்லை. மீண்டும் மூட்டினார். பாதியிலே விறகு தீர்ந்துவிட்டது. தோட்டத்துக் கழிகளை ஒடித்துப் போட்டார். மேசைகளை உடைத்துப் போட்டார். கடைசியில் வீட்டுத் தரைப் பலகைகளையும் பெயர்த்து நெருப்பிலிட்டார்! மனைவி கதறினாள். ஊரார் பைத்தியம் என்றனர். கள்ள நாணயம் அடிக்கிறான் என்றும் தூற்றினர்.

பிறகு ஒரு சூளை ஓரளவு வெற்றி தந்தது. ஆனால் சூளைச் சுவரின் கற்கள் வெடித்துச் சில்லுகள் மெருகில் ஒட்டிக்கொண்டன. மலிவாகத் தந்தால் வாங்கிக்கொள்ளச் சிலர் வந்தனர். பலிசி இணங்கவில்லை. குறையுள்ள பொருள் தம் பெயரைக் கெடுக்கும் என்று, அத்தனையையும் உடைத்தெறிந்தார்.

சுமார் பதினாறு ஆண்டுப் பாடு வீண்போகவில்லை. பல்லி, பாம்பு, மீன், இலை ஆகியவற்றை அப்படியே அச்செடுத்து, தட்டுகளில் புடைப்பாக அமைத்தார். தொட்டால் ஓடிவிடும் போல் அவை இருந்தன. ராணி காத்தரீன் பாரிசிலே தம் துய்லெரி அரண்மனைத் தோட்டத்துக்கு ஒரு செயற்கைக் குகை செய்யும் வேலையை அவரிடம் ஒப்படைத்தாள்.

பலிசி அறிஞருமாவார். கல்லில் காணும் சிப்பிகள் முன்பு உயிரோடு இருந்தவை என்றும், ஊற்றுகளுக்கு மழையே மூலம் என்றும் சொற்பொழிவாற்றினார்.

அவர் புராட்டஸ்டண்டு மதத்தினர். அதற்காக 1588-இல் சிறையிலிட்டனர். முதுமையிலும் அவர் மதத்தை விடவில்லை. 1590-ஐ ஒட்டி பஸ்தீய் சிறையிலேயே உயிர் துறந்தார்.

1980-களில் லூவர் அரண்மனை அருகே தோண்டியபோது, அவருடைய பட்டறையின் அச்சுகள் கிடைத்தன. மண்ணுக்குள் நானூறு ஆண்டு கிடந்தும் பலிசியின் உழைப்பு மறையவில்லை.