பழனிக்குப் பஸ் ஓட்டிய மேதை

என் சிறு வயதில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினால், பாதி மலையில் ரேடியேட்டரிலிருந்து 'புஸ்' என்று ஆவி கிளம்பும். டிரைவர் ஓரமாக நிறுத்தி, சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றுவார். எங்களுக்குக் கொண்டாட்டம்தான்! அந்த மலையின் அடிவாரத்துப் பழனிக்கு 1920ஆம் ஆண்டிலேயே பஸ் ஓட்டியவர் ஜி.டி. நாயுடு.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. (ஆசிரியரான எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது!) வாலிப வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு அசந்துபோனார். கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். எஞ்சின் பாடத்தை அவர் கற்றது அப்படித்தான்.

பின்னர் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் உதவியுடன் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

அக்கால வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் கிடையாது. அது என்ன என்கிறீர்களா? எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உள்ள சிறிய கதவு. அதனுடன் மெழுகு அடைத்த ஒரு குப்பி இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் கதவு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால் சீக்கிரம் சூடேறும். கொடைக்கானல் குளிரில் இது மிக அவசியம். சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் வீணாகும். சூடு 80, 90 டிகிரி செல்சியஸை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறித் திரும்பும். கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்! அதனால்தான் இன்றைய வண்டிகளுக்குப் பிரஷர் குக்கர் போல இறுக்கமான மூடி. சூடாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

இவை இல்லாத வண்டிகளில் டிரைவரின் கண்ணும் காதும்தான் தெர்மோஸ்டாட்!

நாயுடுவின் ஒரு பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937ல் இந்தியாவிலேயே மின் மோட்டார் தயாரிக்கத் துணை நின்றார். 1945ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமானார். நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்கும், இரண்டாண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, கல்லூரி முதல்வர் பதவியையே உதறினார்.

1974ல் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் அப்பாவை அழைத்துப் போகச் சொல்லுங்கள்.