ஊரிழந்த பனிமலை ஆசான்

கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமலைச் சரிவுகளில் மனிதர் சறுக்கி இறங்குவதை நீங்கள் படங்களிற் பார்த்திருப்பீர்கள். பனியையே காணாத எமக்கு அது வெறும் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கலையை உலகுக்குக் கற்பித்த ஒருவர், மனச்சாட்சியின் பொருட்டுத் தம் ஊரையே இழந்தார் என்பதை உங்களிற் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அவர் பெயர் ஹன்னஸ் ஷ்னைடர்.

ஒஸ்திரியாவின் மேற்கே, ஆர்ல்பேர்க் கணவாயின் அருகில், சுமார் 1400 மீற்றர் உயரத்தில் ஸ்டூபன் என்றொரு சிற்றூர் உண்டு. மாரியில் பனி வீடுகளின் கூரையை எட்டும். அவ்வூரில் வீதி பராமரிக்கும் ஒரு தொழிலாளியின் மகனாக 1890ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி ஹன்னஸ் பிறந்தார். பாற்கட்டி செய்யும் தொழிலில் அவரைச் சேர்க்க வேண்டுமென்பதே வீட்டாரின் விருப்பம். சிறுவனின் மனமோ சறுக்குப் பலகையில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த விக்டர் சோம் என்பவர் சறுக்குவதைப் பார்த்துப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார்.

1907இல், பதினேழு வயதில், கணவாயின் மறுபுறம் புனித அந்தோனியாரின் பெயர் தாங்கிய சென்ற் அன்ரன் என்னும் ஊரிலுள்ள ஹொட்டேல் ஒன்றில் அவருக்குப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. அக்காலத்தில் மலையேற்றும் இயந்திரங்கள் அங்கே இல்லை. செப்பனிட்ட பாதைகளும் இல்லை. பலகையின் அடியில் கடல்நாயின் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஏறவேண்டும். பின்னர் எவர் காலும் படாத பனியில் தாமே வழி தேடி இறங்கவேண்டும்.

அந்நாட்களிற் பலர் நிமிர்ந்து நின்றே சறுக்கினர். ஷ்னைடரோ முழங்காலை நன்றாக மடித்து, உடலை முன்சாய்த்துப் பதுங்கினாற்போல் இறங்கினார். பலகைகளின் முன்முனைகள் நெருங்கவும் பின்முனைகள் விரியவும் வைத்தால், வேகம் குறையும், திரும்பவும் முடியும். இதையே அவர் படிப்படியாக வளர்த்தார். முதலாம் உலகப் போரின்போது ஒஸ்திரிய மலைப் படையினருக்கும் பயிற்சி அளித்தார். போருக்குப்பின் அவர் நடத்திய பாடசாலையில் மாணவர் திறமைக்கேற்ப வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டனர். கீழ்வகுப்புப் பாடம் தேறாதவர் மேல்வகுப்புக்குப் போகமுடியாது. செல்வந்தருக்கும் அதே விதிதான். வேகமாக ஓடுவதற்கு முன் பத்திரமாக நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம்.

ஆர்னல்ட் ஃபாங்க் எடுத்த திரைப்படங்கள் அவர் புகழைப் பரப்பின. 1928இல் ஆங்கிலேயரான ஆர்னல்ட் லன்னுடன் சேர்ந்து ஒரு பெரும் சறுக்குப் போட்டியைத் தொடக்கினார். 1930இல் யப்பானுக்கும் அழைக்கப்பட்டார்.

ஆனால், வாசகர்களே, ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி எழுந்தபோது அதன் நிழல் இம்மலையூரிலும் விழுந்தது. ஷ்னைடர் நாசிக் கொள்கையை வெளிப்படையாகவே வெறுத்தார். அக்கட்சியின் ஆதரவாளரான ஒரு பயிற்றுநரை வேலையிலிருந்தும் நீக்கினார். யூத வம்சத்தவரான ருடொல்ஃப் கொம்பேட்ஸ், சென்ற் அன்ரனைப் பலரும் நாடும் ஊராக்க அவரோடு உழைத்தவர்.

1938 மார்ச் மாதத்தில் ஜேர்மன் படைகள் ஒஸ்திரியாவிற் புகுந்தன. உடனேயே ஷ்னைடர் கைதுசெய்யப்பட்டு லண்டெக் சிறையில் அடைக்கப்பட்டார். இதை எதிர்த்து லன் அவ்வாண்டுப் போட்டியையே நிறுத்திவிட்டார். சிறையிலிருந்து வெளிவந்தும் ஷ்னைடர் ஊர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. ஜேர்மனியிலுள்ள கார்மிஷில் கண்காணிப்பின் கீழ் வாழ நேர்ந்தது. கொம்பேட்ஸின் முடிவோ இன்னும் கொடியது. 1942இல் அவர் நாடுகடத்தப்பட்டு, மின்ஸ்க் நகருக்கு அருகே கொலைசெய்யப்பட்டார்.

ஷ்னைடருக்கு உதவிக்கு வந்தவர் ஹார்வி கிப்சன் என்னும் அமெரிக்க வங்கியாளர். ஜேர்மனியின் கடன் விவகாரங்களில் அவருக்கிருந்த செல்வாக்கினால், ஷ்னைடர் குடும்பத்தோடு வெளியேற வழி பிறந்தது. 1939 பெப்ரவரியில், அமெரிக்காவின் நோர்த் கொன்வே என்ற ஊரின் புகையிரத நிலையத்தில் அவர்கள் இறங்கினார்கள். அவ்வூர்ச் சிறுவர்கள் சறுக்குக் கோல்களை உயர்த்தி வளைவு அமைத்து அவர்களை வரவேற்றார்கள்.

அவர் அறிந்த ஆல்ப்ஸின் முன் அங்கிருந்த மலை ஒரு குன்றுதான். நாற்பத்தெட்டு வயதில், அந்தக் குன்றில், முன்பு சென்ற் அன்ரனிற் போதித்த அதே முதற்பாடத்தை மீண்டும் தொடங்கினார். அவருடைய மகன் ஹேர்பேட், அமெரிக்க மலைப் படையிற் சேர்ந்து ஹிட்லரின் படைகளுக்கெதிராகப் போரிட்டார்; பின்னாளில் தந்தையின் பாடசாலையையும் நடத்தினார். போர் முடிந்த பின்னும் ஷ்னைடர் தம் ஊரிற் குடியேறவில்லை. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, அடைக்கலம் தந்த ஊரிலேயே காலமானார்.

இன்று ஆர்ல்பேர்க்கில் இயந்திரங்களும் செப்பனிட்ட பாதைகளும் நிறைந்துள்ளன. எனினும் தேர்ந்தவர்கள் அவற்றை விட்டு விலகி, ஸ்டூபனுக்கு மேலேயுள்ள அல்போனா மலையின் தொடப்படாத பனியை நாடுகிறார்கள். ஒரு மனிதனின் பாரமே பனிப்படையை உடைத்துப் பெருஞ்சரிவை உண்டாக்கிவிடலாம். ஆகையால் அவ்விடத்தை அறிந்த வழிகாட்டியோடு, ஆபத்தான சரிவில் ஒருவர் பின் ஒருவராகவே இறங்குவர். எங்கே நிற்பது என்று தெரிந்தவனே அங்கு உயிரோடு திரும்புகிறான். 1938இல் எங்கே நிற்பது என்பதை ஷ்னைடர் அறிந்திருந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை எத்தகையது என்பதைத் தம் ஊரை விட்டு ஒருமுறையேனும் வெளியேற நேர்ந்த எவருக்கும் நாம் விளக்கத் தேவையில்லை.